பழைய ஸ்கூட்டரும் மலைக் காற்றும்

– இளநிலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவி

பழைய வண்டி வாங்குகிறவர் மெக்கானிக்குக்கும் சேர்த்துச் சம்பாதிக்க வேண்டும் என்று எங்கள் ஊரில் சொல்வதுண்டு. சென்ற ஜூன் மாதம் எங்கள் வீட்டுக்கும் ஒரு பழைய வண்டி வந்து சேர்ந்தது. கியர் இல்லாத சிறிய ஸ்கூட்டர். 90 சி.சி.க்கும் குறைந்த எஞ்சின். வயது 14. விலை 17,000 ரூபாய். அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் பெற்று வாங்கினார்.

எங்கள் குடியிருப்பு கேத்திக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. பேருந்து நிறுத்தத்துக்கு 3 கிலோமீட்டர் தேயிலைக்குள் நடக்க வேண்டும். கட்டணமில்லாப் பேருந்து இருந்தும் பயனில்லை. காலைப் பனியில் காட்டெருமை நிற்கும். மாலை இருட்டினால் கரடி வரும். இரண்டு ஆண்டுகள் நான் தனியே அப்படி வந்து போனேன். இந்த ஆண்டு தங்கையும் நம் கல்லூரியில் வணிகவியல் சேர்ந்தாள். "ரெண்டு பேரையும் வண்டி இழுத்தால் சரி. இல்லையென்றால் சின்னவள் அஞ்சல் வழியில் படிக்கட்டும்" என்று அப்பா முடிவாகக் கூறிவிட்டார். ஆதலால் அந்த வண்டி ஏற்றம் ஏறுமா ஏறாதா என்பது எங்கள் வீட்டில் வண்டியைப் பற்றிய கேள்வி மட்டும் அன்று.

வண்டியை நான் மேட்டுப்பாளையத்தில் ஓட்டிப் பார்த்தே வாங்கினேன். தனி ஆளாக, சமதரையில், நல்ல வெயிலில். குதிரை போல ஓடியது. உதகைக்குக் கொண்டுவந்து, தங்கையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஸ்டோன் ஹவுஸ் மேட்டில் முதல் முறையாகத் திருப்பியபோது வண்டி முனகிற்று. நடந்து வந்த மாணவர்கள் எங்களைக் கடந்து போனார்கள். அவர்களில் சிலர் இக்கட்டுரையைப் படிக்கக்கூடும். அன்று சிரித்ததை நான் மறக்கவில்லை.

பழைய சிறு ஸ்கூட்டர் ஒன்றின் இழுவைத் திறனை எவ்வாறு மீட்கலாம் என்று நான் கற்றதை, சக மாணவர்க்குப் பயன்படும் என்று கருதி இங்கு எழுதுகிறேன்.

முதற் பிழை

நேரே ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்லவர், சமவெளியிலிருந்து வந்து கடை வைத்து மூன்று மாதமே ஆகியிருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளையில் அழுத்தமானியைத் திருகி, ஆக்சிலேட்டரை முழுதும் திறந்து வைத்துக் கிக்கரை உதைத்தார். முள் 112-இல் நின்றது.

"கம்ப்ரஷன் இல்லை தங்கச்சி. போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால்தான் இழுக்கும். 4,200 ரூபாய் ஆகும்."

"எவ்வளவு காட்ட வேணுங்க அண்ணா?"

"இந்த வண்டிக்கு 150. இங்கே கால்வாசி போய்விட்டது, பாருங்கள்."

வீட்டில் 4,200 ரூபாய் இல்லை. தவணையோ மாதம் 850 ரூபாய். "கேட்டுச் சொல்கிறேன் அண்ணா" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வாரமே நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஃபார்ட்டின் பாரமானியின் அளவை ஏட்டில் குறிக்க வேண்டியிருந்தது. 58 சென்டிமீட்டர். கடல் மட்டத்தில் அது 76. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்குக் காற்றின் அழுத்தம் அங்குள்ளதில் 76 விழுக்காடுதான். மூன்று ஆண்டுகளாக இந்த எண்ணை எழுதிவருகிறேன். அன்றுதான் அது எனக்கு உறைத்தது.

எஞ்சின் வெளிக்காற்றை உறிஞ்சித்தானே அழுத்துகிறது? எடுத்த காற்றே மெலிந்ததானால் அழுத்திய காற்றும் அந்த விகிதத்தில் மெலிந்துதானே இருக்கும்? கணக்குப் போட்டேன். மானி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தை மட்டுமே. கடல் மட்டத்தில் அது 150 காட்டினால், வெளிக்காற்றின் 14.7 பவுண்டையும் கூட்ட, உருளைக்குள் உண்மையில் இருப்பது ஏறக்குறைய 165. உதகையில் அது 76 விழுக்காடாகி 125 ஆகும். இங்குள்ள வெளிக்காற்றின் 11 பவுண்டைக் கழித்தால் 114. கடையில் முள் காட்டியது 112!

ஆக, எஞ்சினில் தேய்மானம் இல்லை. குறைந்தது காற்று.

மறுநாள் கடைக்குச் சென்று இன்னொரு சோதனையும் செய்யச் சொன்னேன். பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் அழுத்தம் பார்ப்பது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடைவெளியை அடைக்கும். முள் நன்றாக மேலேறும். எங்கள் வண்டியில் 118 வரைதான் ஏறிற்று. கடைக்காரர் என் தாளிலிருந்த கணக்கை இரண்டு முறை பார்த்தார். "சரி, போர் வேண்டாம். அப்படியானால் வேறெங்கோ போகிறது" என்றார். அவர் சொன்ன இந்தச் சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். எங்கே போகிறது?

கணக்கில் வராத ஆயிரத்தைந்நூறு வாட்

பழுது பார்ப்பதற்கு முன் அளந்துகொள்ள வேண்டும். அளக்காமல் ஐந்து பொருளை மாற்றினால், எது பயன் தந்தது, எது வீண் செலவு என்று ஒருநாளும் தெரியாது. ஸ்டோன் ஹவுஸ் மேட்டில் வளைவு குறைந்த 300 மீட்டரை அடையாளமிட்டுக்கொண்டேன். கொத்தனாரிடம் டியூப் மட்டம் இரவல் வாங்கிப் பல இடங்களில் பார்த்ததில், 12 மீட்டருக்கு 1 மீட்டர் உயர்கிறது. ஞாயிறு காலை 6 மணிக்கு, சாலை காலியாக இருக்கும்போது, தங்கையைப் பின்னால் வைத்து மூன்று முறை ஓட்டிச் சராசரி எடுத்தேன். 78 விநாடி.

வண்டி, நாங்கள் இருவர், தலைக்கவசம், புத்தகப் பை எல்லாம் சேர்ந்து 190 கிலோ. இதை இந்தச் சரிவில் மேலிழுக்க 155 நியூட்டன் விசை வேண்டும். சக்கர உராய்வுக்குத் தோராயமாக 28 நியூட்டன். கூட்டினால் 183. விநாடிக்கு 3.85 மீட்டர் வேகத்தில் பெருக்கினால் ஏறத்தாழ 700 வாட். ஒரு குதிரைத் திறன்கூட இல்லை!

எஞ்சினின் திறனோ 5 குதிரைத் திறன். 3,700 வாட்டுக்குச் சற்று மேல். மலை உயரத்துக்காக ஐந்தில் ஒரு பங்கைக் கழிப்போம். (நூறு மீட்டர் உயரத்துக்கு ஒரு விழுக்காடு என்று கழிப்பது எளிய வழி.) ஏறத்தாழ 3,000. பெல்ட்டும் பற்சக்கரங்களும் கால் பங்கை விழுங்கட்டும். அப்படியும் சக்கரத்துக்கு 2,200 வாட் வர வேண்டும். வந்ததோ 700. மலை எடுத்துக்கொண்டது போக 1,500 வாட் கணக்கில் வரவில்லை.

பிரேக்கில் தொடங்கினேன்

பெரிய ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினேன். அரைச் சுற்றில் நின்றது. பிரேக் ஷூ டிரம்மோடு உரசிக்கொண்டே இருந்தது. முந்தைய உரிமையாளர் பிரேக் பிடிக்கவில்லை என்று கம்பியை முறுக்கி முறுக்கி இறுக்கியிருக்கிறார். உண்மையில் ஷூவின் பட்டை தேய்ந்து, உலோகம் தெரியும் நிலையில் இருந்தது.

கம்பியைத் தளர்த்தினால் வண்டி வேகமாக ஓடும். மலையில் இதைவிட ஆபத்தான சீரமைப்பு வேறில்லை. கியர் வண்டியில் இறக்கத்தில் இரண்டாம் கியரில் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கியரில்லா ஸ்கூட்டரில் வேகம் ஓரளவுக்குக் கீழே குறைந்ததும் கிளட்ச் தானே விட்டுவிடும். அதன்பின் வண்டி எஞ்சினோடு தொடர்பற்று உருளும். சுமை முழுதும் பிரேக்கின் மேல். டிரம் சூடேறினால் பிடிப்பும் குறையும். ஆகவே இரு சக்கரத்துக்கும் புது ஷூ போட்டு, டிரம்மைத் துடைத்து, அசையும் கீல்களில் மட்டும் அளவாக கிரீஸ் வைத்து, சக்கரம் தடையின்றிச் சுழலும்படி வைத்தோம். 220 ரூபாய். எஞ்சினில் கை வைக்கும் முன் இதைச் செய்தோம் என்பதைக் கேத்தி இறக்கத்தில் ஒவ்வொரு மாலையும் நினைத்துக்கொள்கிறேன்.

டயரில் காற்று, வண்டியில் ஒட்டியிருந்த அட்டை கூறும் அளவில் பாதிதான் இருந்தது. அதையும் சரிசெய்தேன். மறு ஞாயிறு அதே 300 மீட்டர்: 66 விநாடி. எஞ்சினைத் தொடாமலே 12 விநாடி மிச்சம்.

கரி படிந்த பிளக்

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை என்று வேதியியலில் படித்திருக்கிறோம். இந்த விகிதத்தைப் பார்த்துக்கொள்வது கார்புரேட்டரின் வேலை. 2020 ஏப்ரலில் பாரத் நிலை ஆறு விதிமுறை வந்தபின் புதிய ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் மின்னணு முறையில் எரிபொருள் பீய்ச்சப்படுகிறது. அவை உயரத்துக்கேற்பத் தம்மைத் திருத்திக்கொள்ளும். பழைய கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. குறுகிய குழாயில் காற்று விரையும்போது அழுத்தம் குறைகிறது. அதனால் ஜெட் வழியே பெட்ரோல் மேலெழுகிறது. பெர்னூலியின் தேற்றம்தான். ஆனால் காற்று மெலிந்தாலும் பெட்ரோலின் அடர்த்தி மாறுவதில்லை. கணக்கிட்டால், கலவையில் பெட்ரோலின் பங்கு காற்றடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் கூடும். அடர்த்தி 0.8 ஆனால் பெட்ரோல் 12 விழுக்காடு மிகும்.

எங்கள் பிளக்கைக் கழற்றியபோது முனை முழுதும் கரி. நல்ல எரிதல் நடக்கும் எஞ்சினில் அது வெளிர் தேநீர் நிறத்தில் இருக்க வேண்டும். கரி என்றால் பெட்ரோல் மிகுதி, காற்றுப் பற்றாக்குறை.

நண்பர் ஒருவர் ஜெட்டைச் சிறியதாக மாற்றச் சொன்னார். மலை வண்டிக்கு அது வழக்கமான வைத்தியமே. முதலில் எனக்கும் சரியாகத்தான் பட்டது. ஆனால் இன்னொரு செய்தி குறுக்கே வந்தது. 2025-இல் நாடெங்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனாலில் ஆக்சிஜன் உள்ளது. ஒரு கிராம் எத்தனாலுக்கு 9 கிராம் காற்றே போதும். ஆகவே இந்தக் கலவைப் பெட்ரோலுக்குக் கிராமுக்கு 13.5 கிராம் காற்று தேவை. அதாவது பழைய ஜெட் இப்போது தன்னாலேயே சுமார் 8 விழுக்காடு 'மெலிந்த' கலவையைத் தருகிறது. மலை 12 விழுக்காடு கூட்டியதில் எத்தனால் 8 விழுக்காட்டைக் கழித்துவிட்டது! மீதி வெறும் 4. ஜெட்டைக் குறைத்திருந்தால் கலவை தேவைக்கு மேல் மெலிந்து எஞ்சின் சூடேறியிருக்கும். ஏற்றத்தில் முழு ஆக்சிலேட்டரில் ஓடும் சிறு எஞ்சினுக்கு அது கரியைவிடத் தீங்கு.

மலை காரணமில்லை என்றால் கரி எங்கிருந்து வந்தது? தேடியதில் இரண்டு காரணம் கிடைத்தன. ஏர் ஃபில்டர் சமவெளிப் புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி அட்டையாக இறுகியிருந்தது. இன்னொன்று சோக். உதகைக் குளிரில் தினமும் சோக்கை இழுத்துத்தான் வண்டியைக் கிளப்புகிறோம். திருகை உள்ளே தள்ளினாலும், துருப்பிடித்த கம்பி உறைக்குள் சிக்கிக்கொண்டு, சோக் பாதி திறந்த நிலையிலேயே நின்றிருந்தது. அதற்கு மருந்து நாலு சொட்டு ஆயில். ஃபில்டர் 160 ரூபாய், பிளக் 120 ரூபாய். கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி, ஜெட்டின் துளையைக் காற்றால் மட்டும் ஊதினோம். சிலர் அதில் குண்டூசியை விடுவார்கள். மயிரிழை துளை அகன்றால் அந்த ஜெட்டின் அளவே மாறிப்போகும்.

எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களை ஊதவும் வெடிக்கவும் செய்யும் என்பதால் பெட்ரோல் டியூபையும் பார்த்தோம். நன்றாகவே இருந்தது.

ஃபில்டரையே எடுத்துவிட்டால் காற்று இன்னும் தாராளமாக வருமே என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். வரும். புழுதியும் வரும், ஒரே கோடையில் பிஸ்டனைத் தேய்க்கும். அப்போது அந்த 4,200 ரூபாய்ச் செலவு மெய்யாகவே வந்து நிற்கும்.

மூன்றாம் ஞாயிறு: 52 விநாடி.

ஆறு ரோலரும் ஒரு பெல்ட்டும்

இனி வருவது இந்த வகை வண்டிக்கே உரியது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுவே. கியரில்லா ஸ்கூட்டரில் கியர் இல்லாமலில்லை. எண்ணற்ற கியர்கள் உள்ளன. எஞ்சின் அச்சில் ஒரு கப்பி, பின்னால் ஒரு கப்பி, இரண்டையும் இணைக்கும் ஆப்பு வடிவ ரப்பர் பெல்ட். முன் கப்பிக்குள் சிறு ரோலர்கள் ஆறு. எஞ்சின் வேகம் கூடும்போது அவை மையவிலக்கு விசையால் வெளிநோக்கி உருண்டு, கப்பியின் பக்கத் தட்டை உள்ளே தள்ளும். பெல்ட் விளிம்பு நோக்கி ஏறும். வேக கியர் விழும். ஏற்றத்தில் வண்டி தளர்ந்தால் பின் கப்பியின் சுருள்வில் பெல்ட்டை மீண்டும் இழுத்து இழுவை கியருக்குக் கொண்டுவரும். ஓட்டுபவர் ஒன்றும் செய்ய வேண்டாம். 1958-இல் ஹாலந்தின் டாஃப் நிறுவனம் தன் சிறு காரில் இம்முறையை மக்களுக்குக் காட்டியது. 1980-களில் கைனெடிக் ஹோண்டா வழியே நம் நாட்டு ஸ்கூட்டருக்கு வந்தது.

எங்கள் வண்டியின் ரோலர்களை மேசை மேல் உருட்டினேன். உருளவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. தட்டையான ரோலர் ஓரிடத்தில் உட்கார்ந்துகொள்ளும். மேடு வந்தாலும் இழுவை கியருக்குத் திரும்ப விடாது. மிதிவண்டியில் பெரிய பற்சக்கரத்திலேயே மேடு ஏற முயன்றவர்களுக்கு இந்த வேதனை புரியும். பெல்ட்டும் அகலம் குறைந்து, விளிம்பு கண்ணாடி போல் பளபளத்தது. அது ஏற்றத்தில் நழுவியிருக்கிறது. மேட்டில் வந்த ரப்பர் வாடையைச் சாலையின் வாடை என்று நான் நினைத்திருந்தேன்!

பெல்ட் 480 ரூபாய், ரோலர் ஆறும் 260 ரூபாய். கப்பியின் முகங்களைப் பெட்ரோலில் துடைத்துக் காயவைத்துப் பூட்டினோம். அங்கே துளி கிரீஸ் பட்டாலும் பெல்ட் நழுவும். ரோலரை நிறுவனம் கூறிய எடையிலேயே போட்டோம். எடை குறைந்ததைப் போட்டால் எஞ்சின் கூடுதல் வேகத்தில் சுழன்று மேட்டில் நன்றாக இழுக்கும். பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். மலையில் வாழ்வோர் அதைச் செய்தால் நான் குறை சொல்லமாட்டேன். எங்களுக்குப் பெட்ரோல் காசு முக்கியம்.

நான்காம் ஞாயிறு மழை. ஐந்தாம் ஞாயிறு ஓட்டினேன். 38 விநாடி. மணிக்கு 28 கிலோமீட்டர். சக்கரத்தில் 1,440 வாட்டுக்கு மேல்; முன்பிருந்ததைப் போல் இரு மடங்கு. தங்கை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, தப்பாக அமுக்கிவிட்டேனோ?" என்றாள். மீண்டும் ஓட்டினோம். 38-தான்.

கூலி 500 ரூபாயும் சேர்த்து மொத்தச் செலவு 1,740 ரூபாய். மைலேஜ் லிட்டருக்கு 34-லிருந்து 46 ஆனது. முந்தைய உரிமையாளர் 50 தருமென்று சொல்லியிருந்தார். அவரைப் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலில் உள்ள ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கே உண்டு. ஆகவே இன்றைய கலவையில் லிட்டருக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு ஆற்றல் குறைவு. ஐம்பதில் மூன்றரை அங்கேயே போய்விட்டது.

என் கணக்குப்படி 2,200 வாட் வந்திருக்க வேண்டும். மேட்டை 25 விநாடியில் ஏறியிருக்க வேண்டும். அந்த 750 வாட் இன்னும் கைக்கு வரவில்லை. ஐந்து குதிரைத் திறன் என்பது எஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுழலும்போது மட்டும் கிடைப்பது. மேட்டில் எங்கள் எஞ்சின் அந்த வேகத்தை எட்டுவதில்லை. கிளட்ச் ஷூவும் பாதி தேய்ந்திருக்கிறது. சைலன்சருக்குள் பழைய கரி இருக்கலாம். வால்வு இடைவெளியை இன்னும் பார்க்கவில்லை. இவை டிசம்பர் விடுமுறைக்கு.

கடைக்கார அண்ணன் இப்போது சுவரில் சாக்கட்டியால் 114 என்று எழுதி வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கு அதை விளக்கும்போது, "காலேஜ் பொண்ணு சொன்னது" என்கிறாராம்.

தவணை இன்னும் பதினொன்று பாக்கி. அப்பா அஞ்சல் வழிக் கல்வியைப் பற்றி இப்போது பேசுவதில்லை. மழை நாளில் மட்டும், மழைக்கோட்டும் நனைந்த பையும் சேர்ந்து கனக்கையில், மேட்டின் கடைசி வளைவில் வண்டி சற்றே யோசிக்கும். தங்கை எதுவும் சொல்லாமல் இறங்கிக்கொண்டு, எனக்கு முன்னால் நடந்து போய்விடுகிறாள்.